இன்ஜின் மேலேயே இருக்கட்டும்

ஆம்பூரில் என்னிடம் பெட்ரோல் இன்ஜினை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களில், பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் அபூர்வம். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கிடைக்கிற மாநிலத்தில், லிட்டருக்கு நூறு ரூபாயை ஒட்டிக் கொடுத்து வாங்கிய பெட்ரோலை எரித்து யார் நெல் விளைவிப்பார்? கடைக்கால் பள்ளத்தில் ஊற்று வந்துவிட்டது, மழையில் ரயில்வே தரைப்பாலம் நிரம்பிவிட்டது, பழைய கிணற்றைத் தூர் வார வேண்டும் என்றுதான் வருவார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடிய நாட்களில், பழுதுக்கு வந்து கிடந்த இன்ஜினைக்கூட நிற்கவைத்துச் சரிசெய்து வாங்கிப் போனார்கள். தரைப்பாலமும் கடைக்காலும் எனக்குக் கவலை தருவதில்லை. கிணறு என்று சொன்னால் மட்டும் உட்காரவைத்து ஆழம் கேட்பேன்.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது உறிஞ்சு குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். நீர்மட்டத்தின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் நீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றுக்கு 10.3 மீட்டர் வரைதான் பலம். ஆம்பூர் 300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதிலும் ஓரடி போய்விடும். கம்பெனிக்காரர்கள் 2 இன்ச் பம்புக்கு 8 மீட்டர் என்று அச்சிடுகிறார்கள். ஓஸ் ஜாயின்ட்டில் காற்றுப் பிடிப்பது, ஃபுட் வால்வில் அடைவது எல்லாவற்றையும் கழித்து நான் 20 அடி என்று வைத்துக்கொள்வேன். தள்ளுவது வேறு கதை. அதே பம்பு மொத்தத்தில் 30 மீட்டர் வரை தள்ளும். ஆனால் எவ்வளவு பெரிய இன்ஜினை மாட்டினாலும் உறிஞ்சும் ஆழம் கூடாது. இதை விளங்கவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். “அஞ்சரை ஹெச்.பி. இன்ஜினாச்சேணா!” என்பார்கள்.

அதற்கடுத்துத் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. “கயிறு கட்டி நடுப்படியில இறக்கி வெச்சுட்டா எடுத்துடும் இல்லணா?”

எடுத்துவிடும். அதுதான் ஆபத்தே. மட்டம் இறங்க இறங்க கிணற்றின் பக்கச் சுவரில் மேடை வெட்டி, கரண்ட் மோட்டரையும் இறக்கிக்கொண்டே போனது நம் ஊர்ப் பழக்கம். பாலாறு வறண்ட வருடங்களில் இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பெட்ரோல் இன்ஜினையும் அந்த மேடையில் வைக்கத் தோன்றுவது இயல்புதான். கரண்ட் மோட்டர் புகை விடாது. பெட்ரோல் இன்ஜின் சைலன்சரிலிருந்து வருவதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலை கனக்கும், கால் தளரும். மேலே ஏறவேண்டும் என்று தோன்றும் நேரத்தில் படியைப் பிடிக்கக் கையில் தெம்பு இருக்காது.

விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூடிக் கிடந்த கிணற்றில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆளைச் சாய்க்கும் அளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றிலும் அது நின்று எரியும். போதாக்குறைக்கு, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் போய்த் தங்கும். அங்கே நெருப்பைக் கயிற்றில் கட்டி இறக்குவதை என்னவென்று சொல்ல?

தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தொட்டிகள் இதிலும் மோசம். தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவோடு அமிலம் சேர்ந்தாலோ, அடியில் படிந்த சேற்றைக் கலக்கினாலோ ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் அங்கேயே விழுவார். ஆளை இறக்கிச் செய்கிற தொட்டி வேலை என்று தெரிந்தால் நான் இன்ஜின் தருவதில்லை. எனக்குப் பதில் வேறொருவர் தருவார் என்பதும் தெரியும்.

டேனரித் தண்ணீரை இறைத்த இன்ஜினைத் தனியாக அடையாளம் காணலாம். உப்பு அலுமினியக் கூட்டை அரித்து, உள்ளே பொரிப்பொரியாக வெள்ளை பூத்திருக்கும். பாலாற்றுப் படுகை டேனரிகளின் கழிவைப் பற்றி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்டில். இன்றைக்கும் சில கிணறுகளில் இறைத்துத் திரும்பும் பம்பைத் திறந்தால் அதே வெள்ளைப் பூப்பு. எந்தத் தண்ணீரை இறைத்தாலும் கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, வடிகால் திருகைக் கழற்றி வடித்துவிட்டால் பம்பின் ஆயுள் கூடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் பம்பின் வயிற்றில் தண்ணீர் நிரப்ப வேண்டும். வெறும் பம்பை ஓட்டினால் சீல் கருகும், பிறகு ஷாஃப்ட் ஓரமாக ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆயில் மட்டம் பார்ப்பது சமதரையில் வைத்துத்தான். சரிவில் வைத்துப் பார்த்தால் குச்சி பொய் சொல்லும். புது இன்ஜினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும், பிறகு 100 மணிக்கொரு முறை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முடிந்து மூலையில் போட்ட இன்ஜின் அடுத்த மழைக்கு ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டேங்கையும் காபரேட்டரையும் வடித்துவிட்டு வைத்தால் என்னிடம் வரும் செலவு மிச்சம். ஓடிச் சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றுவதைப் பற்றி ஒரே வார்த்தைதான்: அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஊற்றுங்கள்.

சரி, 50 அடிக் கிணற்றுக்கு என்ன வழி? கரண்ட் இருந்தால் நீர்மூழ்கி மோட்டர். இல்லையென்றால் கான்கிரீட் வைப்ரேட்டர் இன்ஜினைப் போலவே வேலை செய்யும் ஒரு பம்பு உண்டு. இன்ஜின் தரையில் நிற்கும், வளையும் ஷாஃப்ட்டின் நுனியில் பம்பு மட்டும் தண்ணீருக்குள் போகும். நீளமான ஷாஃப்ட் கிடைப்பது சிரமம், வாடகையும் கூடுதல். அப்படியும் எட்டவில்லை என்றால், ஜெனரேட்டரை மேலே தள்ளி வைத்து நீர்மூழ்கியை ஓட்டுங்கள். மேலே வைக்கும் இன்ஜின் எதுவானாலும் கிணற்று வாயிலிருந்து விலகி நிற்கட்டும், சைலன்சர் வெளிப்பக்கம் பார்க்கட்டும். அது ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது.

இதையெல்லாம் மீறி ஒருவர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டால் தயவுசெய்து யாரும் பின்னாலேயே இறங்காதீர்கள், அவர் உங்கள் அண்ணனாகவே இருந்தாலும். அவரைச் சாய்த்த காற்று உங்களையும் விட்டுவைக்காது. சுவாசக் கருவியோடு இறங்குவது தீயணைப்பு வீரர்களின் வேலை. 101-ஐ அழையுங்கள், கிடைக்காவிட்டால் 112. கூடவே 108-க்கும் சொல்லுங்கள்.