சூரைச்செடியின் கீழ் ஓர் அடை

எலியா தீர்க்கதரிசி சாவு வேண்டும் என்று கேட்ட இடம், வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். சோர்ந்துபோன விசுவாசிக்கு எங்கிருந்து பெலன் வருகிறது என்ற கேள்விக்கு, பல பிரசங்கங்களைவிட இந்த ஓர் அதிகாரம் தெளிவாகப் பதில் சொல்கிறது.

முந்தைய அதிகாரத்தில் அவர் கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனி ஆளாக நின்றவர். அவருடைய ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. நெடுநாள் பஞ்சம் தீர மழை வந்தது. அந்த மழையில் ஆகாப் அரசனின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் ஊர்வரை ஓடினார். அதன் பிறகு அரசி யேசபேல் ஓர் ஆளனுப்பிக் கொலை மிரட்டல் விடுக்கிறாள். அவ்வளவுதான், மனிதர் உடைந்துவிடுகிறார். யெஸ்ரயேலிலிருந்து தெற்கே பெயெர்செபாவுக்கு நேர்கோட்டில் அளந்தாலே 140 கி.மீ.க்கு மேல். அத்தனை தூரம் ஓடி, வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, இன்னும் ஒரு நாள் வனாந்தரத்துக்குள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்தார். இனிப் போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிக்கொண்டார். அப்படியே படுத்துத் தூங்கிப்போனார்.

அந்த வனாந்தரச் சூரை ஆலமரம்போல நிழல் தருவதல்ல. இலைகள் மிகச் சிறியவை, விரைவில் உதிர்ந்துவிடும். பெரும்பாலான மாதங்களில் வெறும் பச்சைக் குச்சிகளாகவே நிற்கும். மழைக்காலம் முடியும் முன்பே வெள்ளையாகப் பூக்கும். வேர் ஆழமாக இறங்கும். அதை எரித்துக் கிடைக்கும் கரி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும், சங்கீதம் 120கூட இந்தத் தழலைச் சொல்கிறது. எலியா கண்விழித்தபோது தலைமாட்டில் தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எந்த விறகின் தழல் என்று வேதாகமம் கூறவில்லை. ஆனால் அந்த நிலத்தில் விறகுக்கு ஆகும் செடிகள் சில மட்டுமே, சூரை அவற்றில் முக்கியமானது. சாக நினைத்து அவர் ஒண்டிய செடியின் இனமே அவருக்கு அடை சுடவும் எரிந்திருக்கலாம் என்று நினைப்பது நெஞ்சுக்கு இதமானது.

தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. நேற்று அக்கினியைக் கண்ட நீ இன்று ஒரு பெண்ணின் மிரட்டலுக்குப் பயப்படலாமா என்று கேட்கவில்லை. தொட்டு எழுப்பி, சாப்பிடு என்று மட்டும் சொன்னான். எலியா சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் கண்டனம் இல்லை. இரண்டாம் முறை தூதன் வந்து தொட்டபோதுதான், போகவேண்டிய வழி அதிகம் என்ற பேச்சே வந்தது. உணவு, தூக்கம், மீண்டும் உணவு, பிறகே பயணம். சோர்ந்தவரிடம் முதலில் வசனத்தோடும் புத்திமதியோடும் போகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும்.

அந்த உணவின் பலத்தால் அவர் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார். ஓரேப் என்று மரபாகக் காட்டப்படும் சீனாய் மலை பெயெர்செபாவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 300 கி.மீ. 40 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 8 கி.மீ.கூட ஆகவில்லை. 40 என்பது மோசே மலையில் இருந்த நாட்களை நினைவூட்டும் எண் என்பார்கள் உரைகாரர்கள், அதுவும் சரியே. ஆனாலும் இந்தக் கணக்கில் ஓர் ஆறுதல் உண்டு. ரதத்தை முந்தி ஓடியவருக்கு இப்போது கிடைத்தது ஓடும் பலம் அல்ல, மெதுவாக நடந்து போய்ச் சேரும் பலம். ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைக் கழுகுப் படத்தோடு அச்சிட்ட நாட்காட்டி பல கிறிஸ்தவ வீடுகளில் தொங்கும். அந்த வசனமும் பறப்பதில் தொடங்கி, ஓடுவதற்கு இறங்கி, நடப்பதில்தான் முடிகிறது. அந்த நடைக்கும் படம் போட்டால் நன்றாக இருக்கும்.

ஓரேப் கெபியில் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்த பிறகு மெல்லிய சத்தம் கேட்டது. இங்கே உனக்கு என்ன வேலை என்று கர்த்தர் இரண்டு முறை கேட்டார். நான் ஒருவனே மீந்திருக்கிறேன் என்று எலியா இரண்டு முறையும் ஒரே புலம்பலைச் சொன்னார். வாதம் எதுவும் நடக்கவில்லை. செய்யவேண்டிய வேலைகள் தரப்பட்டன. பாகாலுக்கு முழங்கால் முடங்காத 7000 பேர் இஸ்ரவேலில் உண்டு என்று சொல்லப்பட்டது. கூடவே இருக்க எலிசா என்ற உழவர் கிடைத்தார்.

பிற்காலத்தில் இந்த அதிகாரத்தின் அருமையைத் தன் உடம்பிலும் மனத்திலும் அறிந்தவர் லண்டன் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன். 1856 அக்டோபர் 19 அன்று, அவருக்கு 22 வயது, சர்ரே கார்டன்ஸ் அரங்கில் பெருங்கூட்டத்துக்குப் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ தீ என்று கத்தினார்கள். நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியும் மனச்சோர்வும் வாழ்நாள் முழுவதும் அவரிடம் திரும்பத் திரும்ப வந்தன. அவர் அதை மறைக்கவில்லை. தன் கல்லூரி மாணவர்களுக்கு ஊழியரின் சோர்வைப் பற்றியே தனியாக ஒரு விரிவுரை ஆற்றினார். பெரிய வெற்றிக்குப் பின் சோர்வு வரும் என்பதற்கு எலியாவையே சாட்சியாக அழைத்தார். ஓய்வு வீண்காலம் அல்ல என்றும் அவர்களுக்குச் சொன்னார்.

திருநெல்வேலிச் சீமையில் இன்னொரு சாட்சி உண்டு. டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையே அவருடைய உலகம். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் நோயாளியின் மனத்தைத் தொடுவது அரிது என்று படுக்கையில் கிடந்தபோது கண்டுகொண்டார். அதனால் நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதும் நூலாகவே 1933இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வலி தீரவில்லை, எழுத்தும் நிற்கவில்லை. அவருக்குக் கிடைத்ததும் நடந்து சேரும் பலம்தான்.

சோர்வை விசுவாசக் குறைவு என்று தீர்ப்பிடுவது வேதாகமத்தின் வழக்கமல்ல, சபைகளில் பின்னால் ஒட்டிக்கொண்ட வழக்கம். சோர்ந்து வருபவரிடம் முதலில் கேட்கவேண்டியது சாப்பிட்டாரா, தூங்கினாரா என்பது. மருத்துவரிடம் போகவேண்டிய சோர்வாக இருந்தால் கூட்டிப்போங்கள், பிறகு ஜெபிக்கலாம்.