உம்மம்மாவின் கண்கள்

எங்கள் வீட்டு அலமாரியில் உம்மம்மாவின் படங்கள் இரண்டு உள்ளன. ஒரே மாலையில், ஒரே சன்னலோரத்தில் எடுக்கப்பட்டவை. மர்ஹூம் வாப்பா எடுத்ததில் கண்கள் தெளிவாக உள்ளன. நாங்கள் எடுத்ததில் காதிலுள்ள அலுக்கத்து தெளிவு, கண்கள் மங்கல். அடுத்த மாதமே உம்மம்மா வஃபாத்தாகிவிட்டார்கள். மறுபடி எடுக்க வழியில்லை.

வாப்பாவிடம் இருந்தது சிங்கப்பூரில் வாங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35. 1966இல் அறிமுகமான ரேஞ்ச்ஃபைண்டர் வகை. லென்ஸ் 45 மி.மீ., எஃப் 1.7. எங்களிடம் இருந்ததோ புத்தம் புதிய நிக்கான் எஃப்எம்2, 50 மி.மீ., எஃப் 1.4 லென்ஸுடன். விலை கூடிய கருவி தோற்றதேன் என்று வெகுநாள் குழம்பினோம்.

ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. இரு சாளரங்களின் வழியே வரும் இரு பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை வளையத்தைத் திருப்புகிறோம். அது தொலைவை அளக்கிறது. எஸ்எல்ஆர், லென்ஸ் காணும் பிம்பத்தையே திரையில் காட்டிவிட்டு, கூர்மையைத் தீர்மானிக்கும் பொறுப்பை நம் கண்ணிடம் விடுகிறது. அந்திவெளிச்சத்தில் தெளிவும் ஏறக்குறையத் தெளிவும் கண்ணுக்கு ஒன்றே. திரை நடுவில் பிளவு வட்டம் உண்டு. ஆயினும் பொருத்திப் பார்க்க அதற்கொரு கோடு வேண்டும். உம்மம்மாவின் முகத்தில் எங்களுக்குக் கோடாகக் கிடைத்தது அலுக்கத்துதான். வாப்பா பொருத்தியது கண்மணியில் மின்னிய சன்னல் வெளிச்சத்தை. எஃப் 1.4இல், ஒரு மீட்டர் தொலைவில், தெளிவின் ஆழம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். காதுக்கும் கண்ணுக்கும் இடையே அதைவிடத் தூரம் அதிகம்.

அதற்காக ரேஞ்ச்ஃபைண்டரே மேல் என்று சொல்லிவிட மாட்டோம். 1954இல் வந்த லைக்கா எம்3இல்கூடச் சாளரங்களின் இடைவெளி ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. லென்ஸை மாற்றினாலும் அந்த இடைவெளி வளராது. 28 மி.மீ. லென்ஸுக்கு அது தாராளம். 135ஐத் தாண்டினால் போதாது. எஸ்எல்ஆரிலோ நீள லென்ஸ் மாட்ட மாட்டப் பிம்பம் பெரிதாகிப் பிழையும் கண்ணில் படும்.

வாப்பாவின் கேமரா ஒருமுறை கைதவறி விழுந்தது. அதன் பின்னும் பிம்பங்கள் அழகாகவே பொருந்தின. தங்கையின் நிக்காஹ் அன்று அருகிலிருந்து எடுத்த படங்களோ கழுவி வந்தபோது யாவும் மங்கல். எஸ்எல்ஆரில் லென்ஸ் பிசகியிருந்தால் திரையே காட்டிக் கொடுத்திருக்கும். வாப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

பழுது பார்த்தவர் சொல்லித் தந்தபடி, இப்போது சுருள் போடுமுன் மாடிக்குச் செல்கிறோம். வளையத்தை முடிவிலியில் நிறுத்தி, தொலைவிலுள்ள பள்ளிவாசல் மினாராவைப் பார்க்கிறோம். மினாரா இரண்டாகத் தெரிந்தால் அன்று சுருள் போடுவதில்லை.