அம்மா நிமிர்ந்து நிற்கும் வேன்

பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் 30 வருடம் செம்பனை லோரி ஓட்டியவர் அப்பா. ஓய்வுக்குப் பிறகு அம்மாவோடு ஊர் ஊராகப் போய்த் தங்க, பழைய வேன் ஒன்றை வீடாக்கலாம் என்றார். சேமநிதிப் பணம் அவருடையது.

நான் ஸ்டாரெக்ஸ் பார்த்து வைத்தேன். என்ஜின் முன்னால் போனட்டுக்குள். கார் மாதிரி ஓடும். அப்பா உள்ளே ஏறிக் குனிந்தபடியே, “முட்டிவலியோட உங்கம்மா இதுல எப்படிக் குனிஞ்சு சமைப்பா?” என்றார். உயர்கூரை ஹைஏஸில் அம்மா உயரத்துக்கு நிமிர்ந்தே நிற்கலாம். என்ஜின் முன் இருக்கைக்கு அடியில். சூடு ஏறும், ஆனால் பின்னால் இடம் மிச்சம்.

பெட்ரோல் ஹைஏஸ் மலிவாகக் கிடைத்தது. அப்பா அசையவில்லை. கட்டில், தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு புக்கிட் பூத்துஸ் மேடு ஏற, குறைந்த சுற்றிலேயே இழுக்கும் டீசல்தான் வேண்டுமாம்.

போன வாரம் முன்பணம் கட்டினோம். உள்ளே மாற்றிக் கட்ட ஜேபிஜே அனுமதி வேண்டும், பணமும் வேண்டும். அம்மா இப்போதே பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்.