என் அளவுக்கு ஓர் இருக்கை

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் காரை அறியாதவர்கள் குறைவு. அலெக் இசிகோனிஸ் என்பவரின் வடிவமைப்பில் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களில் அதுவும் ஒன்று. எத்தனையோ நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் அவைதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. என் ஐயாவும் அப்படியொரு கார் வைத்து ஹயர் ஓடினார்.

2010இல் இரண்டு பிள்ளைகளுடன் வன்னியிலிருந்து ஐயாவின் வீட்டுக்குத் திரும்பினேன். கணவர் இல்லை. இடுப்பில் ஷெல் காயத்தின் வலி. ஐயாவுக்கோ பார்வை குறைந்திருந்தது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து நானே அந்தக் காரை ஓட்டத் தொடங்கினேன். காலையில் முன்பள்ளிப் பிள்ளைகள், பகலில் கிளினிக் போகும் அம்மாமார்.

வருமானம் வந்தது. உடம்புதான் இடம் கொடுக்கவில்லை. ஐயா இருந்து ஓட்டிய சீற் ஸ்பிரிங் தளர்ந்து குழிந்துபோயிருந்தது. அரை மணித்தியாலம் ஓட்டினால் கிளச் மிதிக்கும் இடது கால் மரத்துவிடும். மற்றவர்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மரத்த காலுடன் ஓட்டலாமா? காரை விற்பதா, சீற்றை மாற்றுவதா என்ற நிலை வந்தது.

ஐயா முதலில் சம்மதிக்கவில்லை. "எத்தினையோ சாமான் மாத்தினனான். சீற்றை மட்டும் மாத்தேல்லை, பிள்ளை" என்றார்.

"கார் ஓடவேணுமெண்டால் நான் அதில இருக்க ஏலவேணும், ஐயா" என்றேன். அதன்பின் அவர் மறுக்கவில்லை.

உடைத்து விற்கும் ஒரு ஜப்பான் காரின் முன் சீற்றுகள் இரண்டு கிடைத்தன. இருபக்கமும் சற்று உயர்ந்து இடுப்பைத் தாங்கும் 'பக்கெற் சீற்'. கராஜ் அண்ணை உடனே பூட்ட ஆயத்தமானார். "முதல்ல என்னை அளவெடுங்கோ அண்ணை" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அளவெடுத்தார்.

சட்டைக்கு அளவெடுப்பதைப் போலத்தான். பலகைத் துண்டுகளின் மேல் சீற்றை வைத்து அதில் இருந்து பார்த்தேன். கிளச்சை முழுதாக மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். ஸ்ரேறிங் தொடையில் முட்டக்கூடாது. தலைக்கும் கூரைக்கும் இடைவெளி வேண்டும். பொனற்றுக்கு அப்பால் வீதி தெரிய வேண்டும். பலகைகளைக் கூட்டியும் குறைத்தும் எனக்குரிய உயரத்தைக் கண்டுபிடித்தோம்.

பிறகுதான் வேலை. ஜப்பான் சீற்றின் கால்கள் அந்தக் காரின் தரைக்கென்று செய்தவை. உள்காலும் வெளிக்காலும் ஒரே உயரமில்லை. பழைய போல்ற் ஓட்டைகளுக்கும் பொருந்தவில்லை. எனவே கோண இரும்பில் புதிய கால்கள் செய்தார். சீற் நகரும் தண்டவாளங்கள் இரண்டும் சரிசமாந்தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இறுகிவிடும்.

மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. தரைத்தகடும் உடலின் பலத்தில் ஒரு பங்கு. அதனால் முதலில் கறள் பிடித்த இடங்களைத் தட்டிப் பார்த்தார். துளையிட முன் கீழே படுத்து, பிரேக் குழாயும் வயரும் எங்கே போகின்றன என்று பார்த்தார். போல்ற்றுக்குச் சிறு வளையம் மட்டும் போட்டால், சடுதியாகப் பிரேக் பிடிக்கும்போது மெல்லிய தகடு கிழியலாம். அதனால் ஒவ்வொரு போல்ற்றுக்கும் அடியில் அகலமான இரும்புத் தகடு வைத்து இறுக்கினார். பிரேக் எண்ணெய் விடும் மூடி சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே இருக்கிறது. அதை மறைக்காமல் கால்களை அமைத்தார்.

ஐயாவின் சீற்றை எறியவில்லை. சாக்கில் சுற்றிக் கொட்டிலில் வைத்திருக்கிறோம். யாராவது விரும்பினால் மீண்டும் பூட்டலாம்.

வலி முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது கால் மரப்பதில்லை. காலை ஓட்டம் முடிந்ததும் படுக்காமல் அடுத்த ஹயருக்குப் போக முடிகிறது.

தையல் இயந்திரத்தின் முன்னும் தறியின் முன்னும் நாள் முழுக்க இருந்து உழைக்கும் சகோதரிகள் நம்மிடையே பலர். காயம்பட்ட உடம்புடன் உழைப்பவர்களும் உண்டு. நீங்கள் இருக்கும் கதிரை உங்கள் உயரத்துக்குச் சரியா? பாதம் தரையில் முழுதாகப் படுகிறதா? முதுகுக்குத் தாங்கல் உண்டா? இல்லையென்றால் ஒரு பலகை வைத்தாவது சரிசெய்யுங்கள். உடம்பு சோர்ந்தால் உழைப்பும் நின்றுவிடும்.