ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது நம்ம ஊர்ப் பழமொழி. அமீனா என்றால் கோர்ட் உத்தரவோடு ஜப்தி செய்ய வருகிறவர். அவர் வந்தால் உருப்படாது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆமை என்ன பாவம் செய்தது? 'ஆம்பி பூத்த வீடு', அதாவது காளான் முளைக்கிற அளவுக்குப் பாழடைந்து கிடக்கிற வீடு என்பதுதான் நாளடைவில் ஆமை ஆகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எப்படியோ, ஆமைக்குக் கெட்ட பேர் வந்தது வந்ததுதான்.

இங்கே உல்லாஸ்நகர் பக்கம் கதை தலைகீழ். மராட்டியர்களின் கோயில்களில் சன்னதிக்கு முன்னால் தரையில் கல் ஆமை ஒன்று இருக்கும். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். கடைத்தெருவுக்குப் போனால் கல்லாப்பெட்டி பக்கத்தில் தண்ணீர்த் தட்டில் பித்தளை ஆமை. வாஸ்துவாம், லட்சுமி வருவாளாம்.

பித்தளை ஆமைக்குச் சோறு போட வேண்டாம். உயிரோடு இருக்கிற ஆமைக்குப் போட வேண்டும். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் கட்டடத்தில் மாடியில் இருந்த ஒரு குடும்பம் மூன்று வருஷம் முன்னால் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. கிளம்புகிற வாரம் அந்த வீட்டு அங்கிள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து என் பெண் கையில் கொடுத்தார். டப்பாவின் நடுவில் குட்டித் தீவு, அதில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், மரத்தடியில் உள்ளங்கை அளவு ஆமை. என்ன செய்யணும் என்று கேட்டேன். "பானி மே ரக் தோ, பஸ்" என்றார். தண்ணீரில் போட்டு வைங்க, அவ்வளவுதான். அந்த 'பஸ்'ஸுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருந்தது என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

பெயர் வைக்கிற வைபவம் முதலில். உல்லாஸ்நகருக்கு 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அதுவரை கல்யாண் மிலிட்டரி முகாமாக இருந்து, பிரிவினைக்குப் பிறகு சிந்தி அகதிகள் தங்கிய இடம். இன்றைக்கும் ஏரியாக்களுக்குக் கேம்ப் ஒன்று, கேம்ப் இரண்டு என்றுதான் பேர். என் பெண் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த சமயம். "நம்ம ஊர்க்காரர்ப்பா" என்று ஆமைக்கு ராஜாஜி என்று பேர் வைத்துவிட்டாள். மூதறிஞர் மன்னிப்பாராக.

அடுத்து ஜாதி பார்த்தேன். (ஆமைக்கு மட்டும்தான், சண்டைக்கு வராதீர்கள் :-) ) இது விளையாட்டில்லை. நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். முதுகில் மஞ்சள் நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்குமே, அந்த நட்சத்திர ஆமையும், குளத்துப் பாலாமையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி முதல் அட்டவணைப் பிராணி விஷயத்தில் மாட்டினால் குறைந்தது 3 வருஷம், 7 வருஷம் வரை ஜெயில். நட்சத்திர ஆமையை வெளிநாடுகளுக்கு விற்பதை 2019-லேயே சர்வதேச ஒப்பந்தப்படி தடை செய்துவிட்டார்கள். ஆகவே யாராவது உங்களுக்கு நட்சத்திர ஆமை தருகிறேன் என்றால் அவர் லட்சுமியைக் கொண்டுவரவில்லை, அமீனாவைத்தான் கொண்டுவருகிறார்.

எங்கள் ராஜாஜிக்குக் கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தீற்றியது மாதிரி சிவப்புப் பட்டை. ரெட் இயர்ட் ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகை பூர்வீகம். மரக்கட்டையில் வெயில் காய்ந்துகொண்டே இருக்கும், ஆள் அரவம் கேட்டால் சர்ரென்று தண்ணீருக்குள் சறுக்கிவிடும், அதனால் ஸ்லைடர். இந்தியாவில் வளர்ப்புப் பிராணிக் கடைகளில் ரொம்ப வருஷமாக விற்கிறது இதுதான். நம் நாட்டுப் பிராணி இல்லை என்பதால் நட்சத்திர ஆமைக்கான தண்டனை இதற்குப் பொருந்தாது. மூச்சு வந்தது.

ஆனால் ஆமைக்கு மூச்சு சரியில்லை. வந்தபோதே இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. ஓடு விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போனது. சாப்பாடு கிட்டே போனால் திரும்பிக்கொண்டது. லீவு போட்டுவிட்டு, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் ஈரத்துணி விரித்து, விட்டல்வாடியில் லோக்கல் பிடித்து, தானேயில் ஊர்வனவற்றைப் பார்க்கிற ஒரு கால்நடை டாக்டரிடம் போனோம். கூட்டத்தில் ஒருவர் "டப்பாவில் என்ன, இட்லியா?" என்றார். தமிழன் டப்பா வைத்திருந்தால் வேறென்ன இருக்கும்!

டாக்டர் அம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார். காய்ந்த இறாலை மட்டும் போட்டே வளர்த்திருக்கிறார்கள், அதனால் வைட்டமின் ஏ குறைந்து இமை வீங்கியிருக்கிறது. கண் தெரியாததால் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் இன்னும் மோசமாகிறது. வெயிலே படாததால் உடம்பில் கால்சியம் சேரவில்லை, அதனால் ஓடு இளகியிருக்கிறது. ஊசி, கண்ணுக்கு மருந்து. "நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க, வைட்டமின் ஏ அளவு கூடினா தோலே உரிஞ்சு வந்துடும்" என்று எச்சரிக்கையும்.

"பிழைக்குமா?" என்று என் பெண் கேட்டாள். டாக்டர் நேராகவே பதில் சொன்னார். "பத்து நாள்ல கண்ணைத் திறந்தா பிழைக்கும்."

ஒன்பதாம் நாள் காலை இடது கண் மட்டும் ஒரு கோடு மாதிரி திறந்திருந்தது. வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை, புதிதாக ஆமை வளர்க்கிறவர்களுக்கு உதவும் என்று சொல்லி வைக்கிறேன்.

முதலில் இடம். ஓட்டின் நீளம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 38 லிட்டர் தண்ணீர் என்பது வளர்க்கிறவர்கள் சொல்லும் கணக்கு. ரூபாய்க் காசு அளவு குட்டியாக வாங்குவது பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். அதாவது சாப்பாட்டுத் தட்டு அளவு. 'டப்பாவுக்குத் தகுந்த அளவுதான் வளரும்' என்று கடையில் சொல்வது பொய். டப்பாவுக்குள் அடைத்தால் கோணிக்கொண்டு வளரும், இல்லை செத்துப்போகும். எங்கள் வீட்டில் பால்கனியில் ஒரு பெரிய தொட்டி, ஏறி உட்கார ஒரு சாய்வுப் பலகை, தண்ணீரைச் சுத்தம் செய்ய ஃபில்டர். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பக்கெட்டில் விட்டு வைத்தால் குளோரின் போகும். உல்லாஸ்நகரில் தண்ணீர் தங்கம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் தொட்டியிலிருந்து எடுக்கிற அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் செம்பருத்திச் செடிக்குப் போகிறது.

அடுத்தது வெயில். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் கணக்கில் சேராது. ஆமைக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பால்கனியில் நேர் வெயில் வேண்டும், கூடவே ஒதுங்க நிழலும் வேண்டும். ஏப்ரல் மே மாசத்தில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஊரில் நிழல் இல்லாத தொட்டி ஆமை சூப் ஆகிவிடும். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை பல நாள் சூரியனே தெரியாது. அதற்கென்று புற ஊதா விளக்கு தனியாக விற்கிறது. எரிகிறதே என்று விட்டுவிடக்கூடாது, வெளிச்சம் இருக்கும்போதே கதிர் குறைந்துவிடும். ஆறு மாசம், ஒரு வருஷத்தில் மாற்ற வேண்டும்.

சாப்பாடு. ஸ்லைடர் தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும். குட்டியில் புழு, மீன் என்று அசைவப் பிரியர், வயது ஏற ஏற சைவத்துக்கு வந்துவிடும் (நம்மில் பல பேர் மாதிரியே). ஆமைக்கென்று விற்கிற உருண்டைத் தீனி கொஞ்சம், கேரட், பூசணி, கீரை. பாலக்கை மட்டும் அடிக்கடி கொடுக்கக்கூடாது, அதில் இருக்கிற ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேர விடாது. ஐம்பொறியை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையைத்தான் உதாரணம் காட்டினார். ராஜாஜி சாப்பாட்டு நேரத்தில் தொட்டியை முட்டுகிற முட்டைப் பார்த்திருந்தால் வேறு உதாரணம் தேடியிருப்பார்.

கை கழுவுவது முக்கியம். ஆமை மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஆமைக்கு ஒன்றும் ஆகாது, குழந்தைகளுக்குப் பேதியும் காய்ச்சலும் வரும். அமெரிக்காவில் குழந்தைகள் ஆமைக் குட்டியை வாயில் வைத்து நோய் வாங்கியதால்தான் 1975-ல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமை விற்பதையே தடை செய்தார்கள். எங்கள் வீட்டில் தொட்டிச் சாமான் எதுவும் அடுப்படி தொட்டிப்பக்கம் வரக்கூடாது. இது தங்கமணி போட்ட சட்டம், மேல்முறையீடு கிடையாது.

இன்னொரு விஷயம். ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளமாக இருக்கும், வாலும் நீளம். வளர வளரத்தான் தெரியும். இரண்டாம் வருஷம் தெரிந்தது, ராஜாஜி பெண். முட்டைக்குள் இருக்கும்போது சூடு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் ஸ்லைடர் ஆணா பெண்ணா என்பதே முடிவாகிறதாம். சூடு அதிகம் என்றால் பெண். பெயரை மாற்ற என் பெண் சம்மதிக்கவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ராஜாஜி பெரிசானதைப் பார்த்தவர்களெல்லாம் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "பேசாம உல்லாஸ் நதியில விட்டுடு, புண்ணியம்." ஒருவர் கல்யாண் காளா தலாவ் என்றார், இன்னொருவர் கோயில் குளம் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் உலகம் பூராவும் இந்தப் புண்ணியத்தால்தான் சங்கடம். ஸ்லைடர் உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வெயில் காய்கிற இடத்தையும் சாப்பாட்டையும் உள்ளூர் ஆமைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஐரோப்பிய யூனியன் 1997-லேயே இறக்குமதியை நிறுத்தியது. ஜப்பானில் 2023 ஜூன் முதல் விற்கவும் கூடாது, வெளியே விடவும் கூடாது, வீட்டில் இருப்பதை மட்டும் கடைசி வரை வைத்துக்கொள்ளலாம். 2018-ல் குவாஹாட்டியில் கோயில் குளத்திலேயே இது கிடைத்தது. யாரோ பக்தியோடு விட்டிருப்பார்கள்.

உல்லாஸ் நதியைப் பார்த்தவர்களுக்கு ஆகாயத்தாமரை தெரியும். தண்ணீரே கண்ணுக்குத் தெரியாமல் பச்சைப் பாய் விரித்த மாதிரி அடைத்துக் கிடக்கும். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்ததுதான். ஒரு விருந்தாளி படுத்துகிற பாடு போதாதா? வேண்டுமென்று விடக்கூட வேண்டாம். 2019 ஜூலை 27-ல் இதே நதி பெருகி பத்லாப்பூர், வாங்கணிக்கு நடுவில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸை வெள்ளத்தில் நிறுத்திவிட்டது. ஆயிரம் பேருக்கு மேல் படகில் மீட்டார்கள். ரயிலையே நிறுத்துகிற தண்ணீர் முற்றத்துத் தொட்டி ஆமையை விட்டுவைக்குமா? கீழ்வீட்டுக்காரர்கள் தொட்டிக்கு மூடி போடுவது அவசியம்.

ஆக, விடமுடியாது. வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். எத்தனை நாள்? நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருஷம் கூட இருக்கும். இங்கேதான் எனக்கு ராத்திரி தூக்கம் போகிறது. நான் இருப்பது 11 மாச அக்ரிமென்ட் வீட்டில். எனக்கு வேலை மாற்றல் வரலாம், ஊருக்கே திரும்பலாம். 11 மாச மனுஷன் 30 வருஷப் பிராணிக்கு என்ன உத்தரவாதம் கொடுப்பது? மாடி அங்கிள் மேல் எனக்கு இருந்த கோபம் இந்தக் கணக்கைப் போட்டபிறகு பாதி குறைந்துவிட்டது. அவரும் ஒருநாள் இதே பால்கனிக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். பழமொழி வருமென்று எதிர்பார்த்தேன், வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கிணத்தடியில தொட்டி கட்டுறதுக்கு எடம் இருக்கு. ஆனா வாசல் வழியா கொண்டாராதே, கொல்லைப் பக்கமா வா" என்றார். வாசல் வழியாக வந்தால்தானே 'புகுந்த' கணக்கு! தொட்டிக்கு மூடியும், சுற்றிலும் உயரச் சுவரும் கட்டக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. இப்போதைக்கு ராஜாஜி இங்கேதான் இருக்கிறாள். எங்களுக்குப் பிறகு யார் என்று ஒரு தாளில் எழுதி, என் பெண்ணும் என் தங்கை மகனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே.

ஆமைக் குட்டி அழகாக இருக்கிறது என்று கடையில் நின்றுவிட்டீர்களானால் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து இருபதாவது வருஷம் இதற்குத் தண்ணீர் மாற்றப் போவது யார்? பெயர் சொல்ல முடியவில்லையென்றால், பித்தளை ஆமை நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.