இடியன் துவக்கும் எல்க் மானும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். வீட்டில் பழைய துப்பாக்கி இருக்கிறவர்கள் மட்டும் இன்றைக்கே படித்துவிடுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்த மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறார். அங்கே செப்டம்பர் மாதத்தில் எல்க் மான் வேட்டைக்கு, மசில் லோடர் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்றே தனிப் பருவம் உண்டு. அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. இவருக்கும் கிடைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"சார், கடையில பத்து விதம் காட்றாங்க. எது நம்பகமா இருக்கும்? வெடியுப்பு, கரி, கந்தகம்னு நீங்க வகுப்புல சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

நான் வாழ்நாளில் ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை. ஆனாலும் அவர் ஆள் மாறிக் கேட்கவில்லை. மசில் லோடர் எங்கள் வீட்டில் இருந்த சாமான்தான்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, கொண்டுவிக்கப் போனது இலங்கைக்கு. பதுளைப் பக்கம் பல வருடம் இருந்தார். ஊர் திரும்பும்போது பேச்சில் சில இலங்கைச் சொற்களையும் கொண்டுவந்துவிட்டார். துப்பாக்கியை அவர் 'துவக்கு' என்பார். வாய் வழியாக மருந்து போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுவதை 'இடியன் துவக்கு' என்பார். இங்கே நாம் நாட்டுத் துப்பாக்கி என்கிறோம். காவல் நிலையப் பதிவேட்டில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள். எனக்கு 'இடியன்' என்ற பெயர்தான் பிடிக்கும். வேலையைச் சொல்லும் பெயர்.

எல்க் என்ற சொல்லையும் நான் முதலில் கேட்டது ஐயா வாயிலிருந்துதான். இலங்கைத் தோட்டத்துத் துரைமார்கள் அங்குள்ள மரையை 'எல்க்' என்றே சொல்லிவந்தார்கள். நம் பக்கம் கடமான், தெற்கே மிளா, ஆங்கிலத்தில் சாம்பார். எல்லாம் ஒன்றுதான். பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடி ஆப்பிரிக்கா போன சாமுவேல் பேக்கர், அதற்கு முன் நுவரெலியாவில் குடியிருந்தவர். அவருடைய இலங்கை வேட்டை நூலில் பக்கம் பக்கமாக 'எல்க்' வரும். அத்தனையும் மரைதான். அதை அவர் பெரும்பாலும் நாய்களை விட்டு மடக்கிக் கத்தியால் கொன்றார். மாணவர் கேட்கிற அமெரிக்க எல்க் வேறு இனம், இன்னும் பெரியது. ஆண் 300 கிலோவைத் தாண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் கடமானைச் சுடுவது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. கொலராடோவில் எத்தனை மான் இருக்கிறது, எத்தனை எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சீட்டு கொடுக்கிறார்கள். அது அந்த ஊர் முறை. அதில் நான் தலையிடவில்லை.

சரி, இடியன் எப்படி வேலை செய்கிறது? கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் குழாயில் மருந்தைப் போட்டு, மேலே அடைத்து, திரியில் நெருப்பு வைப்பார்கள். அந்தக் குழாயை நாலு அடி நீட்டி, அடைப்புக்கு மேல் ஈயக் குண்டை வைத்தால் அதுதான் இடியன். குழலின் அடி மூடியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பின்பக்கம் திறந்து பார்க்க வழி கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நானூறு வருடமாக இந்தத் துப்பாக்கியின் தலைவலி ஒன்றே ஒன்றுதான்: வெளியே இருக்கும் நெருப்பு உள்ளே இருக்கும் மருந்துக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும். முதலில் கனலும் திரி. மழை பெய்தால் அணைந்துவிடும். அப்புறம் சக்கிமுக்கிக் கல். பொறி தட்டி, வெளிக் கிண்ணத்தில் உள்ள மருந்து பற்றி, அதன் பிறகு உள்ளே போக வேண்டும். அந்தப் பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்த்தே வாத்து முங்கிவிடுகிறது என்று அலுத்துப்போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வந்ததுதான் செம்புத் தொப்பி. நாம் 'கேப்பு' என்கிறோம். சின்னப் பிள்ளைகளின் தீபாவளிக் கேப்புக்கும் அதுதான் மூதாதை.

நம் சீமையின் கதையும் இதில் இருக்கிறது. 1801இல் காளையார்கோயில் காட்டில் மருது பாண்டியர் படையும் கும்பினிப் படையும் மோதியபோது, இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளும் வாய் வழியாக மருந்து கெட்டித்தவைதான். நன்றாகப் பழகிய சிப்பாய்க்கே அடுத்த குண்டு போட இருபது விநாடி ஆகும். இருபது விநாடியில் ஒரு வளரி எவ்வளவு தூரம் போகும் என்று நினைத்துப் பாருங்கள். 1857 கலகத்துக்குக் காரணமான என்ஃபீல்டும் இடியன்தான். மருந்தும் குண்டும் சுற்றிய காகிதச் சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். அதில் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு வந்தது. பின்பக்கம் திறக்கிற துப்பாக்கியாக இருந்திருந்தால் கடிக்கிற வேலையே வந்திருக்காது. வகுப்பில் இதைச் சொன்னால் வரலாற்றுப் பாடம் பிடிக்காத பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காரும்.

மாணவருக்கு நான் எழுதிய பதிலைச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்று. உங்கள் மாநில விதியை முதலில் படி. எல்க்குக்கு .50, அதாவது அரை அங்குலக் குழலுக்குக் குறையக் கூடாது. அந்தப் பருவத்தில் தொலைநோக்கி பொருத்தக் கூடாது. மருந்தை வில்லையாகப் போடக் கூடாது, தூளாகத்தான் அளந்து போட வேண்டும். கடைக்காரர் காட்டும் பத்தில் பாதி இதிலேயே கழிந்துவிடும்.

இரண்டு. 1985இல் டோனி நைட் என்பவர் கொண்டுவந்த எம்.கே.-85க்குப் பிறகு, நெருப்பு நேர்கோட்டில் மருந்துக்குள் பாயும் வகைதான் அங்கே பரவலாகிவிட்டது. அதில், அடிப் பக்கத் திருகைக் கழற்ற முடிகிற துப்பாக்கியாக வாங்கு. நெருப்பு நேராகப் போவதால் தவறுவது குறைவு. பின்பக்கம் கழற்ற முடிவதால் உள்ளே பார்க்கலாம், துடைக்கலாம், சுடாத மருந்தைக் கொட்டலாம். வேறு எந்தச் சிறப்பும் இதற்குப் பிறகுதான்.

மூன்று. கரிமருந்து, அல்லது அதற்கு மாற்றாக விற்கும் மருந்து மட்டும். புகையில்லாத மருந்தைப் போட்டால் குழல் வெடித்து உன் முகம் போய்விடும். குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டாலும் குழல் பிளக்கும்.

நான்கு. சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவு. எரிந்த கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். நம்பகமான துப்பாக்கி இரண்டு மழையில் நம்பகம் இழப்பது இப்படித்தான்.

ஐந்து. இருப்பதிலேயே பலமானதை வாங்காதே. ஒரே அளவு மருந்தை ஒரே மாதிரி முப்பது தடவை கெட்டித்து, குண்டு ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார். எந்தத் தூரத்தில் சிதற ஆரம்பிக்கிறதோ அதற்கு இந்தப் பக்கம்தான் உன் வேட்டை. இரண்டாவது குண்டு கிடையாது. அரைகுறையாகச் சுட்டால் அந்த மிருகம் மூன்று நாள் நடந்து சாகும்.

ஆறு. இடிகோலில் இரண்டு கோடு போடு. வெறும் குழலில் விட்டால் நிற்கும் இடம் ஒன்று, மருந்தும் குண்டும் உள்ளே இருந்தால் நிற்கும் இடம் ஒன்று. ஐயாவின் இடிகோலில் கத்தியால் கீறிய இரண்டு கோடு உண்டு. கையில் எடுத்தால் முதல் வேலை அந்தக் கோலை உள்ளே விட்டுப் பார்ப்பதுதான்.

ஆறாவதை ஏன் இத்தனை அழுத்திச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்பு, எங்கள் பங்காளி வீடு ஒன்றில் சாமான் பிரித்தார்கள். இரண்டாம் கட்டில் பரண் மேலிருந்து, பழைய வேட்டியில் சுற்றிய இடியன் ஒன்று கீழே வந்தது. அந்த வீட்டுப் பெரியப்பச்சியுடையது. அவர் காலமாகி 35 வருடத்துக்கு மேல் ஆகிறது. துப்பாக்கியை அப்போதே ஒப்படைத்தாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கல்லூரியில் படிக்கிற பேரன் அதை எடுத்துத் தோளில் வைத்தான். தங்கை எதிரே நின்று கைபேசியில் படம் எடுக்கிறாள். குழல் அவள் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு அது பித்தளை அண்டா மாதிரி ஒரு பழைய சாமான்.

நான் குழலை மேலே தூக்கிப் பிடித்து அவன் கையிலிருந்து வாங்கினேன். பக்கவாட்டில் செருகியிருந்த இடிகோலை உருவி உள்ளே விட்டேன். இதிலும் இரண்டு கோடு. கோல் கீழ்க்கோட்டில் நின்றது. நாலு விரல் உயரத்துக்கு உள்ளே ஏதோ இருக்கிறது. சுத்தியலுக்குக் கீழே பார்த்தால், பச்சை பூத்த கேப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எல்லோரையும் முகப்புக்கு அனுப்பிவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொன்னோம். பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் ஒருவர் கேப்பை எடுத்து, குண்டையும் மருந்தையும் வெளியே எடுத்தார். மருந்தில் ஒரு சிட்டிகையைத் தரையில் வைத்துக் கொளுத்திக் காட்டினார். புஸ்ஸென்று எரிந்தது. ஈரம் படாத கரிமருந்துக்கு வயதாவதில்லை. இதைப் பாடமாக எத்தனையோ வருடம் சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்தபோது கால் நடுங்கியது.

அந்த வீட்டு ஆச்சிக்கு 88 வயது. கட்டிலில் படுத்தபடியே சொன்னார்கள்: "கடலைக் கொல்லையில பன்னி எறங்குதுன்னு அவுக கெட்டிச்சு வச்சாக. மறுநாத்தான் வாதம் வந்து விழுந்தாக. அதுக்கப்புறம் யாரு அதை நெனைச்சா."

மாணவர் கேட்ட நம்பகம் இதுதான். நல்ல இடியன், கெட்டித்தவர் போன பிறகும் சொன்ன வேலையைச் செய்யக் காத்திருக்கும். விசையை இழுப்பது பன்றி பார்க்க வந்த பெரியப்பச்சியா, படம் எடுக்க வந்த பேரனா என்று அதற்குத் தெரியாது. இலங்கையில் 'கட்டுத்துவக்கு' என்று ஒன்று உண்டு. காட்டுப் பாதையில் இடியனைக் கெட்டித்து, விசையில் கயிற்றைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பன்றிக்கு வைத்ததில் விறகு பொறுக்கப் போனவன் கால் போகும். ஐயா அதைச் சொல்லும்போதெல்லாம் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். பரணில் மறந்துபோன இடியனும் ஒரு கட்டுத்துவக்குதான்.

நம் பக்கம் இது அபூர்வம் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே, பயிரைக் காக்க இடியன் வைத்துக்கொள்ள உரிமம் தரலாம் என்று தனியாகச் சொல்கிறது. கடலைக்கும் நெல்லுக்கும் காவலாக எத்தனையோ வீட்டில் வாங்கினார்கள். உரிமம் வைத்திருந்தவர் காலமானால், அவருடைய வாரிசுகள் தாமதிக்காமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வேண்டுமானால் தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். "பழம்பொருள்தானே, சுவரில் மாட்டி வைக்கிறோம்" என்பது செல்லாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழைய ஆயுதத்துக்குத்தான் சட்டத்தில் விலக்கு. வீடு பிரிக்கும்போது தூணும் கதவும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போவது போல இதைக் கொடுத்துவிட முடியாது.

ஆகவே, பரணிலோ பெட்டியிலோ இப்படி ஒன்று இருந்தால் எடுத்து விளையாடாதீர்கள். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கோலை விட்டுப் பார்க்கும் வேலையும் உங்களுக்கு வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டிவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். உள்ளே மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஏழு பேர் நின்றோம். இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, இடிகோல் கீழ்க்கோட்டில் நிற்கும் வரை.

பழைய வீடு பிரிக்கப்போகிற உறவினர்களுக்கு இதைப் பகிருங்கள். உங்கள் ஊரில் இடியனுக்கு வேறு பெயர் இருந்தால் கீழே எழுதுங்கள், குறித்து வைத்துக்கொள்கிறேன்.