பிழைத்தவளிடம் ஒரு கேள்வி

தமிழகத்தில் 2001–03 காலப்பகுதியில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் என்ற கணக்கில் பேறுகாலத்தில் இறந்தனர். 2018–20-இல் அது 54. இலக்கியம் பேசக் கூடும் இடத்தில் புள்ளிவிவரமா என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இவ்விரு எண்களுக்கும் இடையே நல்ல வழக்கமொன்று இருக்கிறது. பேறுகாலத்தில் ஒரு பெண் இறந்தால், அந்த மரணம் தனியே ஆராயப்படுகிறது. வலி கண்டது எப்போது, வண்டி வந்தது எப்போது, இரத்தம் கையிருப்பில் இருந்ததா என்று இறந்தவளின் வீட்டாரிடமும் கேட்கிறார்கள். தண்டிப்பதற்கல்ல, அடுத்தவளைக் காப்பதற்கு என்பது இதன் விதி. நடைமுறையில் மருத்துவர்கள் அஞ்சுவதும் உண்டுதான்.

மருந்து வாங்கும் முறையும் மாறிற்று. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகச் சோதனைக்குப் பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. இதன் பொருளை நாங்கள் உணர்ந்தது, எங்கள் அண்ணிக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலைக்குப் போன இரவில். மக்னீசியம் சல்ஃபேட் ஊசிமருந்து அந்த அரசு மருத்துவமனையின் அலமாரியிலேயே இருந்தது. வெளியே வாங்கி வரும்படி எவரும் எங்களிடம் சீட்டு நீட்டவில்லை. தாயும் சேயும் பிழைத்தனர்.

மூன்று மாதம் கழித்துத்தான் அண்ணி வாய் திறந்தார். வலியில் அலறியபோது, “அப்போ தெரியலையா, இப்போ எதுக்குக் கத்துற?” என்றாராம் செவிலியர். தொடையில் ஓர் அடியும் விழுந்ததாம். துணைக்கு ஒரு பெண் உடனிருக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தும் அம்மாவை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அடுத்த பிள்ளை என்றால் கடன் வாங்கியாவது தனியாரிடம்தான் போவேன் என்கிறார் அண்ணி.

2017-இல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டத்தில், பிரசவ அறையில் பெண்களை மரியாதையுடன் நடத்துவதும் ஒரு நோக்கம். காகிதத்தில் குறையில்லை. ஆனால் ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது தையல் ஆறியதா, பால் சுரக்கிறதா என்றெல்லாம் விசாரித்தவர்கள், உள்ளே எப்படி நடத்தினார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. இறந்திருந்தால் எங்கள் வீடு தேடி வந்து கேட்டிருப்பார்கள் என்ற நினைப்பு இன்னும் எங்களை உறுத்துகிறது.

அந்தச் செவிலியரை நாங்களும் பார்த்தோம். விடியும்வரை அவர் உட்காரவேயில்லை. புகார் எழுதித் தரலாமா என்று அண்ணியிடம் கேட்டோம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஊசி போட்டதும் அந்த சிஸ்டர்தானே” என்றார்.